தண்ணீர் தீர்வதற்குள் நீதி

கேள்வி இதுதான்: நியாயம் என் பக்கம் இருப்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தால், எதிரில் இருப்பவரைச் சம்மதிக்க வைக்கக் கண்ணீர், பயம், அரை உண்மை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் பயன்படுத்தலாமா? பண்டைய கிரேக்கத் தத்துவத்தில் இதற்கு என்ன பதில் இருக்கிறது?

கி.மு. 427-இலிருந்து தொடங்குகிறேன். லெஸ்போஸ் தீவிலிருந்த மிட்டிலீனி நகரம் ஏதென்ஸின் கூட்டணியை உதறிக் கலகம் செய்து தோற்றுப்போனது. ஏதென்ஸ் மக்கள் மன்றம் கொதிப்போடு கூடியது. அந்த நகரத்தில் வயதுவந்த ஆண்கள் எல்லாரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று முடிவெடுத்து, உத்தரவோடு ஒரு போர்க்கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் பலருக்கு மனசு உறுத்தியது. மன்றம் மறுபடி கூடியது.

அன்று நடந்த வாதத்தை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் விரிவாகத் தருகிறார். கொல்லத்தான் வேண்டும் என்று பேசியவர் கிளியோன். அவர் பேச்சில் ஒரு விசித்திரம் உண்டு. சொல்லழகில் மயங்காதீர்கள், வித்தை காட்டுபவர்களின் பேச்சை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று மக்களைத் திட்டுகிறார். பேச்சின் ஆபத்தைச் சரியாகச் சொன்னவர் கொலைக்காக வாதாடியவர். கொல்ல வேண்டாம் என்று எதிர்த்துப் பேசியவர் டயோடோட்டஸ். அவர் கருணை பற்றிப் பேசவில்லை, நீதி பற்றியும் பேசவில்லை. அவர்கள் குற்றவாளிகளா என்று தீர்மானிக்க நாம் நீதிமன்றத்தில் உட்காரவில்லை, அவர்களை என்ன செய்தால் நமக்கு லாபம் என்பதுதான் இங்கே பேச்சு என்கிறார். அதற்கு முன்பே இன்னொன்றும் சொல்லிவிடுகிறார்: இந்த ஊரில் நல்ல யோசனையை நேராகச் சொன்னால் கெட்ட யோசனை அளவுக்கே சந்தேகப்படுகிறார்கள், அதனால் நல்லதைச் சொல்ல வந்தவனும் பொய் சொல்லித்தான் நம்பிக்கை பெற வேண்டியிருக்கிறது.

ஓட்டு கிட்டத்தட்டச் சமமாகப் பிரிந்து, டயோடோட்டஸ் பக்கம் மயிரிழையில் ஜெயித்தது. முதல் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முன்னே போயிருந்தது. இரண்டாவது கப்பலின் துடுப்புக்காரர்கள் ஒயினும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த பார்லி மாவைத் துடுப்புப் போட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள். முந்திப்போன கப்பலில் இருந்தவர்களுக்கு அந்தக் கொடிய வேலைக்கு அவசரமாகப் போக மனம் வரவில்லை. இவர்கள் கரை சேர்ந்தபோது தளபதி பாக்கேஸ் முதல் உத்தரவைப் படித்து முடித்து, நிறைவேற்ற ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். நகரம் தப்பியது. ஆனால் கலகத்துக்குப் பொறுப்பானவர்கள் என்று ஏதென்ஸில் பிடித்துவைத்திருந்த ஆயிரத்துக்கும் சற்று அதிகமானவர்களைக் கிளியோனின் தீர்மானப்படி கொன்றுவிட்டார்கள். அதையும் மறந்துவிடக் கூடாது.

உங்கள் கேள்வியின் கடினமான வடிவம் இதுதான் என்று நினைக்கிறேன். டயோடோட்டஸ் செய்தது தவறா? ஒரு நகரமே பிழைத்தது. நீதி என்று பேசியிருந்தால் அன்று ஓட்டு விழுந்திருக்குமா? அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் ஜெயித்த விதத்தில் ஒரு இழப்பு இருக்கிறது. மிட்டிலீனி மக்களைக் கொல்வது அநீதி என்பதை ஏதென்ஸ்காரர்கள் அன்று கற்றுக்கொள்ளவில்லை, லாபமில்லாத கொலை வேண்டாம் என்று மட்டும் கற்றுக்கொண்டார்கள். 11 ஆண்டுகள் கழித்து, கி.மு. 416-இல், மெலோஸ் தீவின் மேல் படையெடுத்துப் போனபோது நீதி பேச வேண்டாம், லாபத்தைப் பேசுவோம் என்று அவர்களே நிபந்தனை போட்டார்கள். தீவு விழுந்ததும் கைக்குக் கிடைத்த ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். டயோடோட்டஸின் பேச்சுதான் மெலோஸுக்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. நீதியை ஒதுக்கிவைத்துப் பேசிப் பழகிய காதுகள் அவை.

அதே 427-இல் இன்னொரு ஆளும் ஏதென்ஸ் வந்தார். சிசிலியின் லியோன்டினி நகரத்தின் தூதராக வந்த கோர்கியாஸ், அந்தக் காலத்தின் பெரிய பேச்சு ஆசிரியர். அவர் பேச்சைக் கேட்டு ஊர் சொக்கிப்போனது. டிராய்ப் போருக்குக் காரணம் என்று எல்லாரும் பழித்த ஹெலனுக்காக அவர் எழுதிய ஒரு சிறிய உரை இன்றும் கிடைக்கிறது. கணவனை விட்டு ஹெலன் ஏன் டிராய்க்குப் போனாள்? தெய்வச் செயலாக இருக்கலாம், பலவந்தமாக இருக்கலாம், காதலாக இருக்கலாம், இல்லையென்றால் பேச்சு அவளை இணங்க வைத்திருக்கலாம். எதுவானாலும் அவள் மேல் குற்றமில்லை என்பது வாதம். பேச்சு ஒரு பெரிய அதிகாரி என்கிறார் அதில். உடம்புக்கு மருந்து எப்படியோ அப்படி உயிருக்குப் பேச்சு. சில மருந்து நோயை நிறுத்தும், சில மருந்து உயிரையே நிறுத்தும் என்கிறார். மருந்து என்று அவர் சொல்லும் கிரேக்கச் சொல்லுக்கு விஷம் என்றும் பொருள் உண்டு.

அந்த உரையில் ஒரு வரியை எல்லாரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பேசி இணங்க வைத்தவன், வற்புறுத்தியவன் என்ற வகையில் அநீதி செய்தவன் என்கிறார் கோர்கியாஸ். ஹெலனை விடுவிப்பதற்காகப் போகிற போக்கில் சொன்ன வரி. ஆனால் அதன் எடையைப் பாருங்கள். பேச்சைத் தொழிலாக விற்றவரே, கேட்பவரின் யோசனையைத் தாண்டிப்போய் வேலை செய்யும் பேச்சு ஒரு பலவந்தம், அது அநீதி என்று எழுதிவைத்திருக்கிறார். பேசியது உண்மையா பொய்யா என்பது அந்த வரியில் வரவே இல்லை. கேட்டவளுக்கு என்ன நடந்தது என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. கிரேக்கர்களின் விவாதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தத் திருப்பம்தான். பேசுபவனின் நோக்கத்திலிருந்து கேட்பவரின் நிலைக்குக் கேள்வி நகர்கிறது.

பிளாட்டோ அந்த வரியைப் படித்திருப்பாரா தெரியாது, ஆனால் கோர்கியாஸின் பெயரையே தலைப்பாக வைத்து எழுதிய உரையாடலில் இந்தத் திருப்பத்தைத்தான் முழுசாக எடுத்துக்கொள்கிறார். அதில் கோர்கியாஸ் தன் கலைக்கு ஆதரவாக ஒரு நல்ல உதாரணம் சொல்கிறார். அவருடைய சகோதரர் ஹெரோடிகஸ் ஒரு வைத்தியர். நோயாளி மருந்து குடிக்க மாட்டேன், கத்தி வைக்க விடமாட்டேன், சூடு போடக் கூடாது என்று முரண்டு பிடிக்கிறான். வைத்தியரால் முடியவில்லை. கூடப் போன கோர்கியாஸ் பேசியே சம்மதிக்க வைக்கிறார். இதில் என்ன தப்பு? உங்கள் கேள்விக்கு இதைவிட வலுவான ஆதரவு கிடைக்காது. நோயாளிக்கு நல்லது நடந்தது, கத்தியும் வைத்தியர் கையில்தான் இருந்தது.

அந்த உரையாடலில் கோர்கியாஸோடு பேசுபவர் பிளாட்டோவின் ஆசான் சாக்ரடீஸ். அவர் இதில் ஒன்றைக் கவனிக்கிறார். கோர்கியாஸுக்கு வைத்தியம் தெரியாது. தெரியாதவன், தெரியாதவர்கள் முன்னால், தெரிந்தவனைவிட நன்றாக நம்ப வைக்கிறான். இன்றைக்குப் பக்கத்தில் ஒரு நல்ல வைத்தியர் இருந்தார், சரி. நாளைக்கு அவர் இடத்தில் ஒரு போலி இருந்தாலும் அதே பேச்சு அதே மாதிரி வேலை செய்யும். நோயாளி இரண்டு நாளும் ஒரே நிலையில்தான் இருக்கிறான். ஏன் இந்த மருந்து, ஏன் இந்த வெட்டு என்று அவனுக்கு இப்போதும் தெரியாது. நம்பிக்கை வந்திருக்கிறது, அறிவு வரவில்லை. இதை வைத்துத்தான் சாக்ரடீஸ் அந்தப் பேச்சுக்கலையை முகஸ்துதி என்று வகைப்படுத்துகிறார். வைத்தியத்துக்கு வேஷம் போட்டுக்கொண்டு சமையல் நிற்பது போல, நீதிக்கு வேஷம் போட்டுக்கொண்டு பேச்சுக்கலை நிற்கிறது. சமையல்காரனுக்கு நாக்குக்கு எது பிடிக்கும் என்று தெரியும், உடம்புக்கு எது ஆகும் என்று தெரியாது.

இங்கே ஏதென்ஸ் நீதிமன்றம் எப்படி நடந்தது என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் சாக்ரடீஸின் கோபம் புரியாது. தொழில்முறை நீதிபதி கிடையாது, வக்கீல் கிடையாது. 30 வயது தாண்டிய குடிமக்களில் ஆண்டுக்கு 6,000 பேரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். பெரிய வழக்குக்கு 500 பேரோ அதற்கு மேலோ உட்காருவார்கள். கூலி ஒரு நாளைக்கு 3 ஓபோல் என்ற சின்ன வெள்ளிக் காசு. வாதியும் பிரதிவாதியும் தாங்களே பேச வேண்டும். பணமிருந்தால் லிசியாஸ் போன்றவர்களிடம் காசு கொடுத்துப் பேச்சை எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொள்ளலாம். பேசி முடித்ததும் நடுவர்கள் தங்களுக்குள் கலந்து பேசுவது கிடையாது, நேராக ஓட்டுதான். எந்த வழக்கும் ஒரே நாளில் முடிந்துவிட வேண்டும். நேரத்தை அளக்க அடியில் துளையிட்ட மண்கலம். ஏதென்ஸ் சந்தைத் திடலில் தோண்டியெடுத்த அப்படி ஒரு கலம் சுமார் ஆறரை லிட்டர் கொள்ளும். தண்ணீர் ஓடித் தீர ஏறக்குறைய 6 நிமிடம் ஆகும். சின்ன வழக்குக்கு ஒன்றிரண்டு கலம், பெரிய வழக்குக்கு இன்னும் பல.

அந்தத் தண்ணீரை பிளாட்டோ மறக்கவே இல்லை. வேறு வேறு உரையாடல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு இவ்வளவு குறைந்த நேரத்தில் இவ்வளவு பெரிய விஷயங்களைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கோர்கியாஸிடம் கேட்கிறார் சாக்ரடீஸ். ‘தியைடீட்டஸ்’ உரையாடலில், கொஞ்சம் தண்ணீர் ஓடுவதற்குள் நடந்ததை நேரில் பார்க்காதவர்களுக்கு உண்மையைக் கற்பிக்கிற அளவுக்குச் சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்களா என்று கேட்கிறார். தன் விசாரணையில், வேறு ஊர்களில் இருப்பது போல மரண வழக்கைப் பல நாள் விசாரிக்கும் சட்டம் உங்களிடம் இருந்திருந்தால் உங்களுக்கு விளங்க வைத்திருப்பேன், இந்தக் குறுகிய நேரத்தில் இவ்வளவு பெரிய பழியைக் கழுவுவது எளிதில்லை என்கிறார். நேரமில்லாத இடத்தில் கற்பிக்க முடியாது, நம்ப வைக்கத்தான் முடியும். நேரம் கொடுக்காமல் ஒருவரைச் சம்மதிக்க வைப்பது அவருக்குச் சேர வேண்டிய ஒன்றைப் பறிப்பது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

பறித்தால் என்ன ஆகும் என்பதற்கு கி.மு. 406. அர்கினூசை கடற்போரில் ஏதென்ஸ் ஜெயித்தது, ஆனால் போரில் மூழ்கிய கப்பல்களின் ஆட்களைப் புயலால் காப்பாற்ற முடியவில்லை. எட்டுத் தளபதிகள் மேல் பழி. மொட்டையடித்துத் துக்க உடை போட்டவர்கள் மன்றத்துக்கு வந்தார்கள். இறந்தவர்களின் உறவினர்களாக நடிக்கச் சொல்லி, தெரமினீஸ் என்ற அரசியல்வாதியின் ஆட்கள் ஏற்பாடு செய்தவர்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் செனபோன். ஒருவன் எழுந்து, மாவுத் தொட்டி ஒன்றைப் பிடித்து மிதந்து தப்பித்தேன், நாட்டுக்காக உயிர்விட்டவர்களைத் தளபதிகள் கைவிட்டார்கள் என்று ஊரில் சொல் என மூழ்கிக்கொண்டிருந்தவர்கள் என்னிடம் சொன்னார்கள் என்றான். அவன் சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு, அது சட்டத்துக்கு விரோதம். அன்று மன்றத்தை நடத்தும் குழுவில் சீட்டு விழுந்து உட்கார்ந்திருந்த சாக்ரடீஸ் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஊரில் இருந்த ஆறு பேரைக் கொன்றார்கள். கொஞ்ச நாளில் வருத்தப்பட்டு, மக்களை ஏமாற்றியவர்கள் மேல் வழக்குப் போடத் தீர்மானித்தார்கள். மக்களை ஏமாற்றிப் பேசுவது ஏதென்ஸில் குற்றம். மன்றம் தொடங்கும்போதே அப்படிப் பேசுபவர்களுக்குச் சாபம் வாசிப்பார்கள். சாபம் இருந்தது, சட்டம் இருந்தது, ஆறு பேர் செத்துப்போனார்கள்.

சரி, சாக்ரடீஸ் தன் முறை வந்தபோது என்ன செய்தார்? கி.மு. 399-இல் அவர் மேலேயே மரண வழக்கு. அவருக்கு மூன்று மகன்கள், ஒருவன் விடலை, இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள். பிள்ளைகளை மேடையேற்றி அழ வைத்து இரக்கம் தேடுவது அங்கே சாதாரண வழக்கம். நான் அதைச் செய்யப்போவதில்லை என்று அறிவிக்கிறார். காரணம் வெறும் மானம் இல்லை. நடுவர் அங்கே உட்கார்ந்திருப்பது நீதியைத் தனக்குப் பிடித்தவர்களுக்குச் சலுகையாக வழங்க இல்லை, சட்டப்படி தீர்ப்பளிப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார்; அழுது அவரை வளைத்தால் சத்தியத்தை மீற அவரைப் பழக்குகிறேன் என்பது அவர் வாதம். தன் உயிர் போகிற இடத்தில் அந்த மனிதர் கவலைப்படுவது எதிரே ஓட்டுப்போட உட்கார்ந்திருப்பவரின் நேர்மையைப் பற்றி. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

சாக்ரடீஸும் வித்தை காட்டினார் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்குப் பேசத் தெரியாது என்று தொடங்குவது அந்தக்கால நீதிமன்றப் பேச்சின் வழக்கமான முன்னுரை, பிள்ளைகளைக் கூட்டிவரவில்லை என்று சொல்வதே பிள்ளைகளை ஞாபகப்படுத்துவதுதான் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அதன் பலனைப் பாருங்கள். 30 ஓட்டு மாறியிருந்தால் விடுதலை. அப்படியும் தண்டனையைத் தானே முன்மொழியச் சொன்னபோது, ஊர்ச் செலவில் எனக்குச் சாப்பாடு போடுங்கள் என்றார். நடுவர்களைக் குளிர்விக்க நினைத்தவர் அப்படிப் பேசமாட்டார்.

அரிஸ்டாட்டில் இந்த அளவுக்குப் போகவில்லை, நடைமுறைக்கு அவர்தான் அதிகம் உதவுவார். உண்மையும் நீதியும் இயல்பிலேயே எதிர்ப்பக்கத்தைவிட வலுவானவை, அவை தோற்றால் பேசியவர்கள் சரியாகப் பேசவில்லை என்று பொருள் என்கிறார். கையால் தற்காத்துக்கொள்ள முடியாதது வெட்கம் என்றால் சொல்லால் முடியாதது அதைவிட வெட்கம் என்கிறார். ஆகவே பேசக் கற்றுக்கொள், பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் மனநிலை, வாதம் மூன்றும் வேண்டும். பேச்சுக்கலை பற்றிய தன் நூலில் கோபம், பயம், இரக்கம் ஒவ்வொன்றும் எப்படி எழுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியவர் அவர். அவரேதான் அந்த நூலின் தொடக்கத்தில், நடுவரைக் கோபத்துக்கோ பொறாமைக்கோ இரக்கத்துக்கோ இழுத்து வளைப்பது, அளக்கப்போகிற அளவுகோலையே கோணலாக்குவது போன்றது என்று எழுதினார். இரண்டும் முரணா என்று அறிஞர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டும் பொருந்துகிறது. நடந்த அநீதியைக் கேட்டுக் கோபம் வருவது கோணல் இல்லை. வழக்குக்குச் சம்பந்தமில்லாத கோபத்தை மூட்டுவது கோணல். மாவுத் தொட்டிக்காரன் சொன்னது எட்டுத் தளபதிகளில் யார் என்ன செய்தார் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பிளாட்டோ மேல் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘குடியரசு’ நூலில் ஆள்பவர்கள் ஊரின் நன்மைக்காகப் பொய் சொல்லலாம் என்கிறார். பொய் ஒரு மருந்து, அது வைத்தியர் கையில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். கோர்கியாஸ் எடுத்த அதே மருந்து உவமை. வைத்தியர் உண்மையிலேயே வைத்தியம் தெரிந்தவர் என்பதைத் தவிர அந்த நோயாளியின் நிலையில் இங்கே என்ன மாறியது? ஏன் என்று அவனுக்கு இப்போதும் தெரியாது. நியாயம் என் பக்கம் என்று உறுதியாகத் தெரிந்தவர் எங்கே சறுக்குவார் என்பதற்கு பிளாட்டோவே சாட்சியாகிவிட்டார்.

இதைவிட அந்த ‘கோர்கியாஸ்’ உரையாடலின் ஒரு இடத்தை நான் நம்புகிறேன். போலஸ் என்ற இளைஞர் சாக்ரடீஸிடம், ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார், நீ சொல்வதை ஒருவரும் ஏற்க மாட்டார்கள் என்கிறார். கூட்டத்தைச் சாட்சிக்கு அழைக்க எனக்குத் தெரியாது, ஒரே ஒரு சாட்சியை மட்டும் அழைக்கத் தெரியும், நான் யாரோடு பேசுகிறேனோ அவர்தான் அந்தச் சாட்சி என்கிறார் சாக்ரடீஸ். எதிராளியின் வாயிலிருந்தே சம்மதம் வர வேண்டும், அவர் குறுக்கே கேட்கலாம், மறுக்கலாம், என் வாதத்தை உடைக்கலாம். உடைத்தால் எனக்கு லாபம், ஒரு தவறு போயிற்று. இந்த முறை எப்போதும் பலிக்காது, பிளாட்டோ அதை மறைக்கவும் இல்லை. பலசாலி பக்கமே நியாயம் என்று வாதிடும் கல்லிக்லீஸ் ஒரு கட்டத்தில், நீ சொல்வது ஏதோ சரியாகத்தான் படுகிறது, ஆனாலும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை என்கிறார். அதற்கு முன்பே ஒருமுறை பதில் சொல்வதையே நிறுத்திவிட்டிருந்தார். அப்போது கொஞ்ச தூரம் சாக்ரடீஸ் இரண்டு பக்கமும் தானே பேச வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: கண்ணீரும் கோபமும் விலக்கில்லை, அவை வழக்கிலிருந்தே எழுந்தால் போதும். அரை உண்மை ஆகாது. நீங்கள் பேசி முடித்த பிறகு எதிரில் இருப்பவர் உங்களைத் திருப்பிக் கேட்க முடிகிறதா, அதற்கு அவருக்கு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். டயோடோட்டஸின் நிலை வந்தால், கப்பல் புறப்பட்டுப் போயிருந்தால், நானும் அவர் செய்ததைத்தான் செய்வேன். அது கேட்டவர்களுக்கு நான் பட்ட கடன் என்றும் நினைத்துக்கொள்வேன்.

மரண தண்டனை என்று தீர்ப்பு வந்த பிறகு சாக்ரடீஸுக்கு நேரம் கிடைத்தது. டெலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை யாரையும் கொல்லக் கூடாது என்பது வழக்கம், அது திரும்ப ஒரு மாதம் ஆனது. கப்பல் வரப்போகிற செய்தியோடு நண்பர் கிரிட்டோ விடியும் முன்பே சிறைக்கு வந்தார். சாக்ரடீஸ் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனமில்லாமல் பக்கத்திலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தார். கண் விழித்ததும், தப்பிக்க எல்லா ஏற்பாடும் தயார், பணம் இருக்கிறது, பிள்ளைகளை நினைத்துப் பார் என்று கெஞ்சினார். சாக்ரடீஸ் உடனே முடியாது என்று சொல்லிவிடவில்லை. சேர்ந்து யோசிப்போம், எங்கேயாவது மறுக்க முடிந்தால் மறு, கேட்டுக்கொள்கிறேன். உன் சம்மதத்தோடு இதைச் செய்வது எனக்கு முக்கியம், உன் விருப்பத்துக்கு மாறாகச் செய்யக் கூடாது என்றார். ஒவ்வொரு படியிலும் நிறுத்திக் கேட்டார். தண்ணீர் எதுவும் ஓடவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகும், இதற்கு மேல் உன்னால் ஏதாவது சொல்ல முடியும் என்று தோன்றினால் சொல் என்றார்.

சொல்ல எதுவும் இல்லை, சாக்ரடீஸ் என்றார் கிரிட்டோ.